அவசரமாக வரும் சிறுநீருக்கு மாத்திரை: வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

சிறுநீர் திடீரென்று முட்டிக்கொண்டு வரும். கழிப்பறைக்குப் போய்ச் சேர்வதற்குள் துணி நனைந்துவிடும். இரவில் மூன்று நான்கு தடவை எழ வேண்டியிருக்கும். டாக்டர்கள் ஓவர் ஆக்டிவ் பிளாடர் என்று சொல்லும் இந்தத் தொல்லையைப் பற்றி சேலம், ஏற்காடு பக்கமிருந்து வந்த கடிதங்களில், நோயைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பற்றித்தான் பெரும்பாலும் கேட்டிருக்கிறார்கள். சிறுநீரியல் மருத்துவரும் மருந்தாளுநரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

வயது 52. தறி ஓட்டுகிறேன். சோலிஃபினாசின் 5 மி.கி. தினம் ஒன்று போடச் சொன்னார்கள். பத்து நாள் ஆயிற்று. அவசரம் குறையவில்லை, வாய்தான் வறண்டு போகிறது. இரண்டாகப் போடலாமா, இல்லை நிறுத்திவிடட்டுமா?
– வாசகி, அம்மாபேட்டை

இரண்டும் வேண்டாம். இந்த மாத்திரைக்குப் பத்து நாள் போதாது. சிறுநீர்ப்பைத் தசையைச் சுருங்க வைப்பதற்காக நரம்பு அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளை விடுகிறது. அது தசையில் போய் ஒட்டாமல் தடுப்பதுதான் சோலிஃபினாசினின் வேலை. அவசரம் நன்றாகக் குறைவது தெரிய நான்கு வாரமாவது ஆகலாம். பன்னிரண்டு வாரம் வரை பலன் கூடிக்கொண்டே போகலாம். எச்சில் சுரப்பிக்கும் அதே வேதிப்பொருள்தான் வேண்டும் என்பதால் அங்கே தடை முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுகிறது. தொந்தரவு முன்னால் வருகிறது, பலன் பின்னால் வருகிறது. பலர் மாத்திரையைக் கைவிடுவது இந்த இடைவெளியில்தான்.

இரண்டாகப் போடக் கூடாததற்குத் தனிக் காரணம் உண்டு. இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே 45 முதல் 68 மணி நேரம் ஆகிறது. அதனால் நேற்றையதும் முந்தாநாள் போட்டதும் உடம்பில் மிச்சம் இருக்கும்போதுதான் இன்றைய மாத்திரை உள்ளே போகிறது. ஒரே அளவில் போட்டாலே ரத்தத்தில் அளவு நிலைப்பட ஏறக்குறைய பத்து நாள் பிடிக்கும். 5 மி.கி. உடம்புக்கு ஒத்துக்கொண்டு, பலன் மட்டும் போதவில்லை என்றால் மருத்துவரே 10 மி.கி.க்கு ஏற்றுவார். அதற்கு மேல் கிடையாது. சிறுநீரகம் கடுமையாகப் பழுதானவர்களும் கல்லீரல் ஓரளவு பாதிக்கப்பட்டவர்களும் 5 மி.கி.யைத் தாண்டக் கூடாது.

வாய் வறட்சிக்காகச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்காதீர்கள். குடித்த தண்ணீரெல்லாம் சிறுநீராகித்தான் வரும். மாத்திரை வேலை செய்யவில்லை என்று தோன்றும். ஒரு வாய் நனைகிற அளவுக்கு அடிக்கடி குடியுங்கள். சர்க்கரை இல்லாத சூயிங்கம் மென்றால் எச்சில் ஊறும். மிட்டாய் சப்பாதீர்கள்: எச்சில் குறைந்த வாயில் சர்க்கரை தங்கினால் பல் சீக்கிரம் சொத்தையாகும். மலச்சிக்கலும் வரும். மலம் இறுகிக் குடலில் நின்றால் அதுவே சிறுநீர்ப்பையை அழுத்தி அவசரத்தைக் கூட்டும் என்பதால், முதல் வாரத்திலிருந்தே கீரை, கொய்யா, ஊறவைத்த உலர் திராட்சை என்று ஏதாவது சேருங்கள். போதவில்லை என்றால் இசப்கோல் ஒரு டீஸ்பூன், முழு டம்ளர் தண்ணீரோடு.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது “குறையவே இல்லை” என்று மட்டும் சொன்னால் அவரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. மூன்று நாள் குறிப்பு எழுதிக்கொண்டு போங்கள். அளவுக் கோடு போட்ட 500 மி.லி. பிளாஸ்டிக் குவளை ஒன்றைக் கழிப்பறையில் வையுங்கள். ஒவ்வொரு தடவையும் மணி, எத்தனை மி.லி., அவசரம் இருந்ததா, கசிந்ததா என்று எழுதுங்கள். குடித்ததையும் எழுத வேண்டும். உங்கள் வீட்டு டம்ளர் எத்தனை மி.லி. கொள்ளும் என்று முதலில் அளந்துகொண்டால் அந்த வேலை சுலபம். ஒரு தடவைக்கு 100, 150 மி.லி. என்று போய்க்கொண்டிருந்தால் பை எரிச்சலில் இருக்கிறது, மாத்திரைக்கு வேலை உண்டு. ஒவ்வொரு தடவையும் 300, 400 மி.லி. வந்து, 24 மணி நேரத்தில் இரண்டரை லிட்டருக்கு மேல் போனால் பை நன்றாகத்தான் இருக்கிறது. சிறுநீர்தான் அதிகம் ஊறுகிறது. அதற்கு இந்த மாத்திரை பதில் இல்லை. சர்க்கரையா, குடிக்கும் அளவா, வேறு மாத்திரையா என்று தேட வேண்டும்.

வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. உருக்கும் அடுப்புக்குப் பக்கத்தில்தான் நாள் முழுக்க. சித்திரை பிறந்ததிலிருந்து வியர்வையே வருவதில்லை, தலை கிறுகிறுக்கிறது. டோல்டெரோடின் 4 மி.கி. போடுகிறேன். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

உண்டு. இதை அலட்சியமாக விடாதீர்கள். வியர்வைச் சுரப்பிக்கும் அசிடைல்கோலின்தான் கட்டளை கொடுக்கிறது. டோல்டெரோடின், சோலிஃபினாசின், ஆக்ஸிபியூட்டினின், டாரிஃபெனாசின், டிராஸ்பியம் எல்லாமே அந்தக் கட்டளையைத் தடுக்கும் ஒரே குடும்பம். வியர்க்காவிட்டால் உடம்புச் சூடு வெளியே போக வழி இல்லை. கோடையில் சேலத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. உங்களுக்கு அதற்கு மேல் அடுப்பு வேறு. ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு ஒன்றும் செய்யாத மாத்திரை உங்களை மயக்கம் போட்டு விழ வைக்கலாம்.

இன்றே மருத்துவரைப் பார்த்து, எங்கே எந்த வேலை செய்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். சீட்டு எழுதும் நேரத்தில் இதை யாரும் கேட்பதில்லை, நோயாளியும் சொல்வதில்லை. மிராபெக்ரான் என்ற மாத்திரை வேறு வழியில் வேலை செய்கிறது. வியர்வையைத் தடுக்காது, வாய் வறட்சியும் குறைவு. ரத்தக் கொதிப்பு கட்டுக்குள் இருந்தால் அதற்கு மாற்றலாமா என்று கேளுங்கள். மாற்றும் வரை உருக்கும் வேலையை விடிகாலைக்குத் தள்ளிவையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை வெளியே வந்து கழுத்து, அக்குள், முன்கையை ஈரத் துணியால் துடைத்துக் காற்றில் நில்லுங்கள். உடம்பே வியர்வை விடாத நிலையில், தோலின் மேல் இருக்கும் ஈரம் காய்வதுதான் சூட்டை இறக்கும். ஒண்ணுக்கு வருமே என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது இரட்டை ஆபத்து.

பட்டறையில் கூட இருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்: தோல் கொதித்து, பேச்சு உளறி, நடை தள்ளாடினால் அது வெப்ப வாதம். நிழலில் படுக்க வைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108க்குப் போன் செய்யுங்கள். நினைவு தடுமாறுபவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

அம்மாவுக்கு 74 வயது. ஆக்ஸிபியூட்டினின் 5 மி.கி. காலையும் இரவும். போன வாரம் குடும்பத்தோடு ஏற்காடு போனோம். வளைவில் வாந்தி வருமே என்று ஏறும்முன் அவோமின் ஒன்று கொடுத்தேன். மேலே குளிரில் சளி பிடித்ததால் ராத்திரி ஒரு ஜலதோஷ மாத்திரை. நடு இரவில் எழுந்து சுவரில் யாரோ நிற்கிறார்கள் என்று பேச ஆரம்பித்துவிட்டார். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. குளிர் தலைக்கு ஏறிவிட்டது என்கிறார்கள் உறவினர்கள்.
– வாசகி, அஸ்தம்பட்டி

ஏறியது குளிர் இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் மூன்று மாத்திரைகளும் ஒரே வேலையைச் செய்பவை. ஆக்ஸிபியூட்டினின் அசிடைல்கோலினைத் தடுக்கிறது. அவோமினில் இருப்பது புரோமெதசின், அதுவும் தடுக்கிறது. கடையில் கிடைக்கும் ஜலதோஷ மாத்திரைகளில் பெரும்பாலும் குளோர்ஃபெனிரமின் இருக்கும், அதுவும் தடுக்கும். ஞாபகத்துக்கும் தெளிவுக்கும் மூளைக்கு அசிடைல்கோலின் வேண்டும். வயதானவர்களுக்கு அது ஏற்கெனவே குறைவு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் மூன்றில் இரண்டு உள்ளே போய்விட்டன, ராத்திரி மூன்றாவது. இல்லாத ஆளைக் கண்டு பேசியது அதனால்தான்.

இந்தக் குடும்பத்திலேயே மூளைக்குள் எளிதாக நுழைவது ஆக்ஸிபியூட்டினின். விலை குறைவு என்பதால் எழுதப்படுகிறது. எழுபது தாண்டியவர்களுக்கு முதல் தேர்வாக அதை எழுதுவது எங்களுக்கு உடன்பாடில்லை. மிராபெக்ரானுக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். அது சரிப்படாவிட்டால் மூளைக்குள் குறைவாகவே புகும் டிராஸ்பியம் இருக்கிறது. டிராஸ்பியத்தைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன் வெறும் வயிற்றில் போட வேண்டும். சோற்றோடு போட்டால் உடம்பில் சேருவது வெகுவாகக் குறைந்துவிடும். எழுபது வயதுக்காரருக்குச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகே அளவு முடிவாக வேண்டும்.

வீட்டு மருந்துப் பெட்டியைக் கொட்டி அட்டைகளின் பின்பக்கத்தில் இருக்கும் சிறிய எழுத்தைப் படியுங்கள். அரிப்புக்குப் போடும் ஃபெனிரமின் (அவில் என்றால் எல்லோருக்கும் தெரியும்), ஹைட்ராக்சிசின்; வயிற்று வலிக்கும் மாதவிலக்கு வலிக்கும் போடும் டைசைக்ளோமின் (மெஃப்டால் ஸ்பாஸில் இருப்பது இதுவும் மெஃபனமிக் அமிலமும்), ஹையோசின்; நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் எழுதும் அமிட்ரிப்டிலின்; கை நடுக்கத்துக்கான டிரைஹெக்ஸிஃபெனிடில். இவற்றில் எதையும் சிறுநீர்ப்பை மாத்திரையோடு மருத்துவரைக் கேட்காமல் சேர்க்காதீர்கள். பாராசிட்டமால் இந்த வகையில் சேராது. மூக்கடைப்புக்கு ஆவி பிடிக்கலாம்.

அடுத்த முறை மலை ஏறும்போது அம்மாவை முன் இருக்கையில் உட்கார வைத்து, சாலையைப் பார்த்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். வயிற்றில் இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம். அடிவாரத்தில் ஒருமுறை கழிப்பறைக்குப் போய்விட்டு ஏறுங்கள். குளிரில் சிறுநீர் கூடுதலாக ஊறும். அது இயல்பு. அதற்காக மாத்திரையைக் கூட்ட வேண்டாம்.

ஓய்வு பெற்ற ஆசிரியர், 66 வயது. பி.பி.க்கு மெட்டோப்ரோலால் 50 மி.கி. போடுகிறேன். இப்போது மிராபெக்ரான் 50 மி.கி. எழுதியிருக்கிறார்கள். பி.பி. கூடும் என்று மருந்துக் கடையில் சொன்னதால் பிரிக்காமலே வைத்திருக்கிறேன்.
– வாசகர், அயோத்தியாப்பட்டணம்

கடைக்காரர் சொன்னது பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. மிராபெக்ரான் பி.பி.யைக் கொஞ்சம் ஏற்றலாம். பெரும்பாலோருக்கு அந்த ஏற்றம் சிறியது. மேல் எண் 180ஐயோ கீழ் எண் 110ஐயோ தொட்டு, கட்டுக்குள் வராமல் இருப்பவர்களுக்குத்தான் அது கூடாது. உங்கள் விஷயத்தில் கவனிக்க வேண்டியது அவர் சொல்லாத இன்னொன்று: மெட்டோப்ரோலாலைக் கல்லீரல் உடைத்து வெளியேற்றும் வழியை மிராபெக்ரான் அடைக்கிறது. 50 மி.கி.தான் போடுகிறீர்கள், ஆனால் ரத்தத்தில் அதைவிடக் கூடுதலாக நிற்கும். நாடி மெதுவாகலாம், எழுந்தால் தலை சுற்றலாம். மெட்டோப்ரோலால் எழுதியவருக்கும் மிராபெக்ரான் எழுதியவருக்கும், ஒன்று மற்றொன்றோடு போகிறது என்பது தெரிய வேண்டும். 25 மி.கி.யில் ஆரம்பிக்கலாமா என்று கேளுங்கள். அந்த அளவில் பலன் தெரிய எட்டு வாரம் வரை ஆகும்.

ஆரம்பிக்கும் முன் மூன்று நாள் பி.பி.யும் நாடியும் எழுதிவையுங்கள். ஆரம்பித்த பிறகு முதல் மாதம் வாரம் இரண்டு முறை. பார்க்கும் முன் கட்டாயம் சிறுநீர் கழித்துவிட்டு உட்காருங்கள். பை நிரம்பியிருந்தால் எண் ஏறித்தான் காட்டும். உங்களைப் போன்றவர்களுக்கு அது அடிக்கடி நடக்கும். முதுகு சாய்த்து, கால் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, பட்டை இதய மட்டத்தில் இருக்கும்படி ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுங்கள். நாடி 50க்குக் கீழே போனாலோ மயக்கம் வந்தாலோ காத்திருக்க வேண்டாம். இதயத்துக்கான டிகாக்ஸின் போடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை: ரத்தத்தில் அதன் அளவும் கூடும்.

அப்பாவுக்கு 70. புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் போடுகிறார். இரவில் ஐந்து முறை எழுகிறார் என்று பக்கத்து வீட்டுக்காரர் தன் சோலிஃபினாசின் அட்டையைக் கொடுத்தார். இரண்டு நாள் போட்ட பிறகு சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது.
– வாசகர், ஓமலூர்

உடனே நிறுத்துங்கள். இதைப் படிக்கும்போதே அடிவயிறு புடைத்து, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் சரியாகப் போகவில்லை என்றால் நேரே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். டியூப் போட்டு இறக்க வேண்டியிருக்கும். சொட்டுச் சொட்டாக வருவதைப் பார்த்து “போகிறதே” என்று இருந்துவிடாதீர்கள். பை நிரம்பி வழிவதும் அப்படித்தான் இருக்கும்.

வெளியேறும் வழி அடைபட்டிருக்கும்போது தள்ளும் தசையையும் தளர்த்திவிட்டால் உள்ளே தேங்காமல் என்ன செய்யும்? புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்கு இந்த மாத்திரை கூடவே கூடாது என்பதும் இல்லை. டாம்சுலோசினோடு சேர்த்தே எழுதுவோம். ஆனால் அதற்கு முன் ஸ்கேனில் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும்: சிறுநீர் கழித்து முடித்த கையோடு உள்ளே எத்தனை மி.லி. மிச்சம் நிற்கிறது? பொதுவாக 100 மி.லி.க்குள் என்றால் தைரியமாக ஆரம்பிக்கலாம். 200 தாண்டினால் முதலில் அடைப்பைப் பார்க்க வேண்டும். ஸ்கேன் எழுதும்போதே “யூரின் போன பிறகும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்” என்று கேட்டு வாங்குங்கள். சீட்டில் எழுதாவிட்டால் நிரம்பிய பையை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். மாத்திரை ஆரம்பித்த பிறகும் ஒரு மாதத்துக்குள் இன்னொரு முறை பார்ப்பது நல்லது.

சிறுநீர்ப்பை மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுப்பது இந்தப் பக்கம் சர்வ சாதாரணமாக நடக்கிறது. யூரிஸ்பாஸும் அப்படித்தான் கை மாறுகிறது. அதில் இருப்பது ஃபிளவாக்சேட். அடைப்பு இருப்பவர்களுக்கு அதுவும் ஆகாது.

சர்க்கரைக்கு இரண்டு மாதமாகப் புது மாத்திரை, டாபாகிளிஃப்ளோசின். அதிலிருந்து ஒண்ணுக்கு அடிக்கடி. ஓவர் ஆக்டிவ் பிளாடர் என்று இன்னொருவரிடம் மாத்திரை வாங்கிவிட்டேன். போடலாமா?
– வாசகி, ஆத்தூர்

போட வேண்டாம், முதலில் சர்க்கரை டாக்டரிடம் போங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் இரண்டும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுபவை. சர்க்கரை போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். மாத்திரை தன் வேலையைச் செய்கிறது, பையில் கோளாறு இல்லை. ஆனால் அதை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது என்று எழுதியிருக்கலாம். இரவில் போடுகிறீர்கள் என்றால் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். பிறப்புறுப்பில் அரிப்போ வெள்ளையோ இருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள்: இந்த மாத்திரையோடு பூஞ்சைத் தொற்று வருவது சகஜம், அதனாலும் எரிச்சலும் அவசரமும் வரும்.

இதே வரிசையில் இன்னும் இரண்டு. நீர் பிரிப்பதற்கான ஃபுரோசமைடை மாலையில் போட்டால் இரவில் எழுப்பும். பி.பி. மாத்திரையான அம்லோடிபினால் கால் வீங்கியிருந்தால், பகலில் காலில் தங்கிய நீர் படுத்ததும் சிறுநீராக இறங்கும். அவர்கள் மதியத்துக்கு மேல் ஒரு மணி நேரம் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்தால் அந்த நீர் இரவுக்கு முன்பே போய்விடும்.

மாத்திரையை உடைத்துப் பாதி போடலாமா? விழுங்க முடியவில்லை.
– வாசகி, வாழப்பாடி

மிராபெக்ரானையும், ‘இ.ஆர்.’, ‘எக்ஸ்.ஆர்.’, ‘எஸ்.ஆர்.’ என்று அட்டையில் போட்டிருக்கும் எதையும் உடைக்கவோ மெல்லவோ பொடிக்கவோ கூடாது. நாள் முழுக்க மெல்லக் கசிய வேண்டியது ஒரே நேரத்தில் இறங்கிவிடும். விழுங்க முடியவில்லை என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆக்ஸிபியூட்டினினின் நீடித்த வகை சிலவற்றில் வெற்றுக் கூடு மலத்தோடு வெளியே வரும். மாத்திரை கரையவில்லை என்று இன்னொன்று போட்டுவிடாதீர்கள்.

தொடையில் படைக்கு இட்ராகோனசோல் ஒரு மாதத்துக்கு எழுதினார்கள். சோலிஃபினாசின் 10 மி.கி. ஏற்கெனவே போடுகிறேன்.
– வாசகர், இளம்பிள்ளை

சேர்த்துப் போடும் வரை சோலிஃபினாசின் 5 மி.கி.யைத் தாண்டக் கூடாது. அதைக் கல்லீரல் உடைப்பதை இட்ராகோனசோல் தடுத்துவிடும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் இதே போலத்தான். படை டாக்டரிடம் இதைச் சொன்னால் தடவும் களிம்பு மட்டும் போதுமா என்று பார்ப்பார்.

கண்ணில் பிரஷர் இருக்கிறது என்றார்கள். சிறுநீர் மாத்திரை போட்டால் பார்வை போய்விடுமா?
– வாசகி, சூரமங்கலம்

எந்த வகை என்பதுதான் கேள்வி. கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் மூலையைத்தான் ‘ஆங்கிள்’ என்பார்கள். அது திறந்திருக்கும் வகை, சொட்டு மருந்தில் கட்டுக்குள் இருக்கிறது என்றால் பொதுவாகப் போடலாம். குறுகிய ஆங்கிள் வகைக்குச் சிகிச்சை செய்யாமல் சோலிஃபினாசின் குடும்பம் எதுவும் கூடாது. கண் டாக்டரிடம் இந்த ஒரு கேள்வியை மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கண் சிவந்து கடுமையான வலி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், வாந்தி – வந்தால் நேரம் பார்க்காமல் கண் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மாமியாருக்கு ஞாபக மறதிக்கு டோனெபெசில் ஆரம்பித்து மூன்று மாதம். இப்போது துணியிலேயே போய்விடுகிறார். சோலிஃபினாசின் தரச் சொல்கிறார்கள்.
– வாசகி, கொண்டலாம்பட்டி

டோனெபெசில் அசிடைல்கோலினைக் கூட்டுவதற்குக் கொடுப்பது; சோலிஃபினாசின் அதைத் தடுப்பதற்கு. ஒருவருக்கே இரண்டையும் கொடுத்தால் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டிருக்கும். டோனெபெசிலே சிறுநீர்ப்பையை முடுக்கிவிட்டிருக்கலாம். இரண்டாவது மாத்திரைக்கு முன்னால் நரம்பியல் மருத்துவரிடம் டோனெபெசிலின் அளவைப் பற்றிப் பேசுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கேட்காமலே கழிப்பறைக்குக் கைப்பிடித்து அழைத்துப் போவது பல வீடுகளில் மாத்திரையைவிட நன்றாக வேலை செய்கிறது. ஆள் வேண்டும் என்பதுதான் கஷ்டம்.

ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் கணக்கு வேலை. நாளைக்கு ஆறு காபி. காபியை விட்டால் மாத்திரை வேண்டாமா? இல்லை, ஆயுள் முழுக்கப் போட வேண்டுமா?
– வாசகர், ஏற்காடு

ஆறு காபி குடித்துக்கொண்டு மாத்திரை போடுவதில் அர்த்தம் இல்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம். காஃபீன் சிறுநீரையும் கூட்டும், பையையும் முடுக்கும். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி பிடுங்கும். மூன்று நாளைக்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்து இரண்டுக்குக் கொண்டுவாருங்கள், இரண்டும் மதியத்துக்குள். சிக்கரியில் காஃபீன் கிடையாது. தோட்டக்காரர்களிடம் சொன்னால் முகம் சுளிப்பார்கள், ஆனால் சிக்கரி கலந்த காபியில் அந்த அளவுக்குக் காஃபீன் குறைவு. தேநீரும் கணக்கில் சேரும். வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் குடிநீர் எல்லாம் சிறுநீரை நன்றாக இறங்க வைப்பதற்காகக் குடிப்பவை. கல் பிரச்சினைக்கு யாராவது சொல்லியிருக்கலாம், உங்கள் பிரச்சினைக்கு நேர் எதிர்.

மாத்திரையிலிருந்து வெளியே வர வழி உண்டு, ஆனால் அது பைக்குப் பயிற்சி கொடுப்பதில்தான் இருக்கிறது. இப்போது ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை போகிறீர்கள் என்றால் அங்கிருந்தே ஆரம்பியுங்கள். இடையில் அவசரம் வந்தால் ஓடாதீர்கள். ஓட ஓட அவசரம் கூடும். நின்ற இடத்தில் நில்லுங்கள், முடிந்தால் உட்காருங்கள். காற்றுப் பிரிவதை அடக்குவதுபோல் அடித்தசையை வேகமாக ஐந்தாறு முறை இறுக்கி விடுங்கள். தொடையும் வயிறும் இறுகக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. அந்த அலை அடங்கும். அடங்கிய பிறகு மெதுவாக நடந்து போங்கள். ஒரு வாரம் கஷ்டமில்லாமல் போனால் இடைவெளியில் கால் மணி கூட்டுங்கள். மூன்று மணி நேரம் வரை எட்டினால் போதும். கூடவே, அடித்தசையை எட்டுப் பத்து விநாடி பிடித்து விடுவதைப் பத்துத் தடவை, நாளைக்கு மூன்று வேளை. மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் தெரியும். வெளியே கிளம்பும்முன் “எதற்கும் இருக்கட்டும்” என்று வராமலே போய் வரும் பழக்கத்தையும் விடுங்கள். பை கொஞ்சத்திலேயே கூப்பிடப் பழகுவது அதனால்தான். இதெல்லாம் கைகூடிய பிறகு மருத்துவரிடம் கேட்டு மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம். பலருக்கு அவசரம் திரும்பும். அப்போது மறுபடி ஆரம்பிப்பதில் தவறில்லை.

இரண்டு டாக்டரிடம் பார்க்கிறேன். ஒருவர் கொடுத்த அட்டையில் ‘மிராபெக்ரான் 25 + சோலிஃபினாசின் 5’ என்று இருக்கிறது. இன்னொருவர் சோலிட்டன் 5 எழுதியிருக்கிறார். இரண்டும் வேறுதானே?
– வாசகர், ஐந்து ரோடு

இல்லை. சோலிட்டனும் சோலிஃபினாசின்தான். இரண்டும் போட்டால் தினம் 10 மி.கி. உள்ளே போகிறது. யாரும் அப்படி எழுத நினைத்திருக்க மாட்டார்கள். சோலிட்டன் என்று எழுதியதைக் கடையில் ரோலிட்டன் என்று படித்துவிட்டால் அது டோல்டெரோடின், மருந்தே வேறு. கம்பெனிப் பெயரை விடுங்கள், அட்டையில் அதற்குக் கீழே இருக்கும் மருந்துப் பெயரைப் பாருங்கள். பில் கேட்டு வாங்கி, எல்லா அட்டையையும் ஒரே பையில் போட்டு ஒரே டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒரு நாள் மறந்துவிட்டால்?
– வாசகி, இளம்பிள்ளை

சோலிஃபினாசினை மறந்திருந்தால் விட்டுவிட்டு மறுநாள் வழக்கமான நேரத்தில் ஒன்று. மிராபெக்ரான் என்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் போடலாம், அதற்கு மேல் என்றால் அன்றைக்கு வேண்டாம். எதிலும் ஒரே நாளில் இரண்டு கிடையாது.

பைக் டேங்க் கவரிலேயே அட்டையை வைத்திருக்கிறேன். வெயிலில் கெட்டுப் போகுமா?
– வாசகர், சேலம் ஜங்ஷன்

அட்டையில் எத்தனை டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். சித்திரை வெயிலில் நிற்கும் பைக் டேங்க் அதைச் சுலபமாகத் தாண்டும். சட்டைப் பையில் அன்றைக்கு உரிய ஒன்றை மட்டும் அட்டையோடு வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள். மருந்துப் பெயரும் தேதியும் இருக்கும் பக்கத்தை வெட்டாமல் வீட்டில் வையுங்கள்.